குச்சிக்கு இரண்டு கிலோ

நாயைத் தூக்கியதும், உள்ளே பொருளை வைக்க மறந்து ஒட்டிவிட்ட பார்சல் மாதிரி இருக்கிறதே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பதினோரு வருடமாகக் கூரியர் அலுவலகத்தில் பார்சல்களை வாங்கி எடை போடும் கை அவளுடையது. கையில் வாங்கும்போதே எடை தெரிந்துவிடும்.

"பத்து கிலோ," என்றாள்.

விலங்குகள் காப்பகத்து டாக்டரம்மா நாயைத் தராசு மேடையில் நிற்க வைத்துப் பார்த்தார். சரியாகப் பத்து.

"கை பேசுதே! ஆனா இந்த உயரத்துக்கு இவன் பதினாலு கிலோ இருக்கணும்," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஒளிக்காம சொல்லிடறேன். ரெண்டு வீட்டுக்குப் போய் ரெண்டு வாட்டியும் திரும்பி வந்தவன். வயிறு அப்படி. எதைப் போட்டாலும் தண்ணியா போயிடும். பயந்துபோய்க் கொண்டுவந்து விட்டுட்டாங்க. மூணாவது வாட்டியும் இவனை அலைய விட எனக்கு மனசில்ல. ஆறு வாரம் டைம். பன்னெண்டு கிலோவைத் தொட்டா இவன் உங்க பையன். தொடலேன்னா இங்கயே வச்சு நானே பாத்துக்கறேன். சரியா?"

அவள் தலையாட்டினாள். தலையாட்டுவது அவளுக்கு வெகு சுலபமாக வரும். பதினான்கு வருடம் ஒரு வீட்டில் வாழ்ந்துவிட்டு, "நமக்குள்ள ஒத்து வரல" என்று கணவன் சொன்ன அன்றும் இப்படித்தான் தலையாட்டிவிட்டுப் பெட்டியை எடுத்தாள். இது போதாது, நீ போதாது என்று யாராவது சொன்னால் எதிர்த்துக் கேட்கும் வார்த்தை மறுநாள் காலையில்தான் வரும். அதுவும் பல் தேய்க்கும்போது.

இப்போது அக்கா வீட்டின் கீழ்த்தளத்தில் வாழ்க்கை. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. நாயைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது அக்கா மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் விளையாட்டு டீச்சராக இருந்தவள். குரலுக்கு விசில் தேவையில்லை.

"என்னடி இது! நாய் கேட்டா, ஒட்டடக்குச்சியக் குடுத்து அனுப்பிட்டாங்களா?"

அன்றிலிருந்து அவன் பெயர் குச்சி.

டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் சமையலறைச் சுவரில் ஏறியது. தோல் நீக்கிய கோழிக்கறி, உப்பில்லாமல் வேகவைத்து. குழைந்த சோறு. ஒரு கரண்டி பூசணி மசியல். நாளுக்கு நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. எதையும் கூட்டுவதானால் ஒரு கரண்டிதான், மூன்று நாள் பொறுத்துத்தான். பால், எண்ணெய், வெண்ணெய் கூடாது. கடைசி வரியின் கீழே இரண்டு கோடு: மலத்தைத் தினமும் பார்த்து எழுதவும்.

"உனக்கு நல்ல வேலை வந்துச்சு," என்றாள் அக்கா. "மாப்பிள்ளை பாத்தப்பகூட நாம இவ்வளவு உத்துப் பாக்கல."

முதல் வேளையிலேயே சிக்கல். குச்சி தட்டை முகர்ந்தான். அவளைப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான். அவள் நகர்ந்து போனால் சாப்பிடுவானோ என்று அடுப்பங்கரைக்குப் போனாள், பின்னாலேயே வந்தான். அலுவலகத்துக்கு நேரமாகிறதே என்று அடுப்போரம் நின்றபடியே ஒரு ரொட்டித் துண்டை அவள் வாயில் போட்டாள். மகள் போன பிறகு அவள் சாப்பாடு அப்படித்தான், நின்றபடி, கையில் கிடைத்தது. அவள் மெல்லத் தொடங்கியதும் குச்சி திரும்பிப் போய்த் தட்டில் வாய் வைத்தான். அவள் மெல்லுவதை நிறுத்தினாள். அவனும் நிறுத்தினான்.

"ஓ, துணைக்கு ஆள் வேணுமா உனக்கு?"

தட்டை எடுத்துக்கொண்டு தரையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். காலை ஆறு, மதியம், சாயங்காலம், இரவு எட்டு. மதியம் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு ஓடிவந்துவிட்டுத் திரும்ப ஓடினாள். அவனுக்கு வேகவைத்த கறியில் பாதிக்கு உப்பும் மிளகும் போட்டுத் தனக்கு வைத்துக்கொண்டாள். தட்டு காலியாகும் வரை அவன் அவள் வாயைக் கண்காணித்தான். அவள் சாப்பிடுகிறாளா என்று எதிரே ஒருவர் உட்கார்ந்து பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது என்று ஒருநாள் யோசித்தாள். கணக்கு சரியாகப் பிடிபடவில்லை. யோசனையை விட்டுவிட்டு இன்னொரு கவளம் எடுத்தாள், ஏனென்றால் குச்சி காத்துக்கொண்டிருந்தான்.

எடை பார்க்க அக்காவின் குளியலறைத் தராசு கீழே இறங்கி வந்தது. குச்சி தனியாக அதன்மேல் நிற்க மாட்டான்; கண்ணாடியில் தெரியும் எண்களைப் பார்த்து மிரண்டான். அதனால் அவனைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறினாள். ஐம்பத்தெட்டு. அவள் எடை நாற்பத்தெட்டு. பத்து வருடமாக அதே நாற்பத்தெட்டு. கழித்தால் பத்து. காப்பகத்துத் தராசும் இதுவும் அச்சடித்த மாதிரி ஒன்றுபோல இருந்ததில் அவளுக்குப் பரம திருப்தி.

இரண்டு வாரத்தில் ஐம்பத்தெட்டு அறுநூறு. குச்சி பத்து அறுநூறு ஆகிவிட்டான். வாயெல்லாம் பல்லாக மாடிக்கு ஓடிச் சொன்னாள். மறுநாள் காலை நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டியதை எழுத நோட்டே தேவைப்படவில்லை. வாசலிலிருந்து குளியலறை வரை குச்சியே எழுதி வைத்திருந்தான்.

"அக்கா! இவனுக்கு ஏதாவது குடுத்தியா?"

அக்கா மாடிப்படிக்கு வந்தாள்.

"நான் என்ன குடுத்தேன்? ஒரு துண்டு ரொட்டி."

"வெறும் ரொட்டியா?"

"வெறும் ரொட்டிய யாருடி திம்பா? லேசா வெண்ணெய் தடவினேன்."

"லேசான்னா?"

"உன் ஆபீஸ்ல மாதிரி கிராம் கணக்கா கேக்கறியா? அந்தக் கண்ணு ரெண்டும் என்னைப் பாத்த பார்வைக்கு முழுப் பொட்டலத்தையும் குடுத்திருக்கணும், நானா இருக்கவே தப்பிச்சான்."

குச்சி மூலையில் சுருண்டு, தவறு முழுவதும் தன்னுடையது என்பதுபோலக் கிடந்தான். அவள் மறுபடி வெறும் கஞ்சியிலிருந்து ஆரம்பித்தாள். ஒரு கரண்டி, பிறகு மூன்று நாள், பிறகு இன்னொரு கரண்டி. அந்த வாரக் கடைசியில் தராசு ஐம்பத்தேழு தொள்ளாயிரம் காட்டியது. ஏறியதெல்லாம் போனது மட்டுமல்ல, கைமுதலும் கொஞ்சம் போயிருந்தது.

அலுவலகத்தில் விஷயத்தைக் கேட்ட டேப் அண்ணன், எப்போதும் மணிக்கட்டில் பழுப்பு டேப்பை வளையலாகப் போட்டிருக்கும் பேக்கிங்காரர், அலமாரியிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை உரித்துக் கொடுத்தார். 'உடையும் பொருள், கவனமாகக் கையாளவும்.'

"இத நாய்மேல ஒட்டும்மா. உங்கக்கா பாக்கற மாதிரி."

அவள் குச்சியின் தட்டில் ஒட்டினாள். அக்கா அதைப் படித்துவிட்டு, "எங்கிட்ட நேராவே சொல்லலாமே," என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் மறுநாளிலிருந்து தங்கை வீட்டில் இல்லாத நேரத்தில் குச்சிக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தவளும் அக்காதான்.

அதன் பிறகு எடை ஏறியது. நான்காம் வாரம் ஐம்பத்தெட்டு எழுநூறு. ஐந்தாம் வாரம் ஐம்பத்தொன்பது ஐந்நூறு. அந்த வாரம்தான் சீருடைப் பேண்ட்டின் இடுப்புப் பொத்தான் ஒன்று கவுன்டரில் தெறித்து, ஒரு வாடிக்கையாளரின் பெட்டிமேல் விழுந்தது. துணி துவைத்துத் துவைத்துச் சுருங்கிவிட்டது என்று முடிவு கட்டினாள்.

"கன்னம் வந்திருக்கேம்மா உனக்கு," என்றார் டேப் அண்ணன்.

"புது சோப்புண்ணே."

பொத்தானை எடுத்துக் கொடுத்த வாடிக்கையாளர் தன் பெட்டியை நகர்த்தினார். "நாலு கிலோன்னு போட்டுக்கோங்க. போன வாரம் அனுப்பின அதே பெட்டிதான்."

"அது போன வாரம் சார். தட்டுல வைங்க." சொல்லிக்கொண்டே, எப்போதும்போல, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். பெட்டி நான்கு முந்நூறு இருந்தது. யார் வாய்ச்சொல்லையும் அவள் எடையாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கவுன்டரில் அவளுக்கு இருந்த பெருமையே அதுதான்.

ஆறாவது வாரம், புறப்படுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை ஏறிப் பார்த்தாள். அறுபது முந்நூறு. பன்னிரண்டு முந்நூறு! குச்சியை அப்படியே சுற்றினாள். அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள், பரிசளிப்பு விழாவுக்குப் போகிற மாதிரி.

காப்பகத்தில் குச்சி தானே நடந்து போய் மேடைத் தராசில் ஏறி நின்றான். டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"பதினொண்ணு நூறு."

"இல்ல டாக்டர், பன்னெண்டு முந்நூறு. காலையிலதான் பாத்தேன்."

மறுபடி நிறுத்தினார்கள். பதினொன்று நூறு. அக்கா குனிந்து குச்சியின் நான்கு கால்களும் மேடைமேல்தான் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தாள்.

"வீட்டுல எப்படி எடை பாத்தீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"இவனைத் தூக்கிட்டு நான் ஏறுவேன். வர்றதுல என் எடையைக் கழிப்பேன். நாப்பத்தெட்டு."

"அந்த நாப்பத்தெட்டு எப்ப பாத்தது?"

அவள் விரல்விட்டு வருடங்களை எண்ணத் தொடங்கினாள். டாக்டர் மேடையைக் கைகாட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

நாற்பத்தொன்பது இருநூறு.

அக்காவின் சிரிப்பு கிளம்பியது. மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கக்கூடிய சிரிப்பு. "அடிப்பாவி! நாயை ஏத்தச் சொன்னா நீ ஏறி வச்சிருக்கே!"

டாக்டரும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். அவளுக்கு மட்டும் காதெல்லாம் சூடானது. பதினோரு வருடம். ஒவ்வொரு பார்சலுக்கும் முன்னால் தராசைப் பூஜ்யமாக்குகிறவள். காலிப் பெட்டியை முதலில் தனியாக நிறுக்காமல் உள்ளே இருப்பதன் எடையைச் சொல்ல முடியாது என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள். தன்னை மட்டும் நிறுக்கத் தோன்றவே இல்லை. நான் ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன், கழித்துவிட வேண்டிய ஒரு எண் மட்டும்தான் என்று எப்போது முடிவு செய்தோம்?

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அட்டையை எடுத்தார். குரல் மென்மையாகத்தான் இருந்தது. "நல்லாத்தான் பாத்திருக்கீங்க. ஆனா நான் சொன்னது பன்னெண்டு. தொள்ளாயிரம் கிராம் போதல. கொஞ்ச நாள் இங்க விட்டுட்டுப் போங்க."

போதவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் தலை தானாக ஆடத் தொடங்கியது. பாதி வழியில் கீழே பார்த்தாள். குச்சி அவள் கழற்றிப்போட்ட செருப்புமேல் படுத்திருந்தான். நாளைக் காலை பல் தேய்க்கும்போது வரப்போகிற வார்த்தையை இப்போதே இழுத்துக்கொண்டு வந்தாக வேண்டும்.

"டாக்டர், நீங்க ரெண்டு கிலோ ஏறணும்னு சொன்னீங்க."

"ஆமா."

"எங்க வீட்டுல ரெண்டு கிலோ முந்நூறு ஏறியிருக்கு." பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். "நான் தரையில உக்காந்து சாப்பிட்டாதான் இவன் சாப்பிடுவான். நான் நிறுத்தினா நிறுத்திடுவான். நாலு வேளையும் அப்படித்தான். வார்டுல இவன் எதிர்ல உக்காந்து யார் சாப்பிடுவா? நீங்களா? அந்த ரெண்டு வீட்டுலயும் தட்டை வச்சுட்டுப் போயிருப்பாங்க டாக்டர். இதைப் பாருங்க."

நோட்டுப் புத்தகத்தை நீட்டினாள். டாக்டர் பக்கங்களைப் புரட்டினார். வெண்ணெய் விவகாரம் சிவப்பு மையில் இருந்தது. அதற்குப் பிறகு இருபத்துநான்கு நாள், ஒரு நாள்கூடத் தப்பாமல், ஒரே வார்த்தை: கெட்டி. கெட்டி. கெட்டி.

"இருபத்திநாலு நாளா?" டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இங்க இருந்தப்ப இவனுக்கு நாலு நாள் சேந்தாப்ல நல்லா இருந்ததில்ல."

"இவ பொய் எழுத மாட்டா," என்றாள் அக்கா. "கழித்தல்தான் வராது."

டாக்டர் குச்சியின் விலா எலும்புகளைக் கையால் தடவிப் பார்த்தார். வெகு நேரம் தடவினார். பிறகு அட்டையில் 'தற்காலிகம்' என்று இருந்ததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"மாசா மாசம் கூட்டிட்டு வரணும். ரெண்டு பேரையும் நிறுப்பேன். யார் குறைஞ்சாலும் திட்டுவேன்."

"பூச்சி மருந்தும் ரெண்டு பேருக்குமா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் தராசில் தனியாக ஏறினாள். நோட்டில் குச்சியின் எடைக்குப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்துத் தன் எடையையும் எழுதினாள். மாடியிலிருந்து அக்கா கத்தினாள்: "அந்தப் பேண்ட்டக் குடுத்து விடு, இடுப்பப் பிரிச்சு விடறேன். நிறையவே பிரிக்கறேன், நீங்க ரெண்டு பேரும் போற போக்கு சரியில்ல!"

சாயங்கால வேளைக்கு நேரமாகியிருந்தது. அவள் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய தட்டின் முன்னால் குச்சி உட்கார்ந்து, தட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான்.

"இருடா, உக்காந்துக்கறேன்," என்றாள்.