ஏழாம் கேள்விக்கு இரண்டு வரி

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. கதை பிறப்பதற்கு அது நல்ல இடமில்லை என்று எனக்கும் தெரியும்.

நான் பிராக் நகரில் முதியோருக்கான சுற்றுலா வழிகாட்டி. "அவசரமில்லாத பிராக்: இரண்டு நாள், ஒரு படிக்கட்டுகூட இல்லை" என்று எங்கள் விளம்பரத் தாளில் போட்டிருக்கும். ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் நான் ஏழு கேள்விகளுக்குப் பதில் எழுதித் தர வேண்டும். லிஃப்ட் வேலை செய்ததா, இருநூறு அடிக்கு ஒரு பெஞ்சு இருந்ததா, கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழைந்ததா என்று ஆறு கேள்விகள். ஏழாவது இது: "பயணி துணையின்றிச் சமாளித்தாரா? வழிகாட்டியின் சொந்த வார்த்தைகளில்." அதற்குக் கீழே இரண்டு வரிக்கு இடம்.

அந்த இரண்டு வரி வராததால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

(படிவத்தின் அடியில் வழிகாட்டியின் வயதுக்கும் ஒரு கட்டம் உண்டு. ஒன்பது வருடமாக அதில் ஒரு கோடு போட்டுவிட்டு வருகிறேன். யாரும் கேட்டதில்லை. கதைக்கும் அது தேவையில்லை.)

2

முதல் தொடக்கம்: "வல்தாவா நதியின் மேல் காலைப் பனி படர்ந்திருந்த"

அடித்துவிட்டேன். அவர்கள் வந்தபோது மணி பதினொன்று. வெயில் மண்டையைப் பிளந்தது.

இரண்டாம் தொடக்கம்: "அலோயிஸ் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட"

ஒருமுறைகூட என்ன? எனக்கு அவரை இரண்டு நாள்தான் தெரியும்.

சரி, நேராகவே சொல்கிறேன். அலோயிஸுக்கு எண்பத்து மூன்று வயது. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி லுட்மிலாவுக்கு எண்பது, காது மந்தம். கிழக்கே மலைப்பக்கத்து ஊரிலிருந்து ரயிலில் வந்தார்கள். ஆளுக்கொரு சின்னப் பெட்டி, ஒரு கைத்தடி, ரொட்டிக்குள் வைத்த வறுத்த இறைச்சித் துண்டுகள் எட்டு.*

* எங்கள் நாட்டில் பயணம் என்றால் அந்த ரொட்டிதான். விடுதியிலேயே மூன்று வேளையும் சாப்பாடு என்று கடிதத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்ததால்தான் எட்டு. படிக்காவிட்டால் பன்னிரண்டு வந்திருக்கும்.

3

இவர்களுக்கு ஹனா என்று ஒரு மகள். கதையில் அவளைக் கெட்டவளாக்கலாம் என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். பாத்திரம் ஒத்துழைக்கவில்லை.

பயணத்துக்கு முன்பு அவள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"போன குளிர்காலத்துல அப்பா உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்கு இறங்கினாரு. விழுந்துட்டாரு. மூணு மணி நேரம் கெடந்திருக்காரு. அம்மா மேல டிவி பாத்துட்டு இருந்தாங்க, காது கேக்கல. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லைங்க."

முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு வைத்திருந்தாள். இருவருக்கும் சேர்ந்த அறை இல்லை. அவருக்குத் தரைத்தளம், லுட்மிலாவுக்கு மூன்றாம் தளம். ஐம்பத்தெட்டு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவர்கள் முடியாது என்றார்கள். கடைசியில் ஓர் உடன்பாடு. பிராக்கில் இரண்டு நாளைத் தாங்களே சமாளித்துக் காட்டினால் ஹனா பேச்சை எடுக்க மாட்டாள். இல்லாவிட்டால் அவர்கள் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுவார்கள்.

"ஒரு தடவ விழுந்தாக்கூட எழுதிடுங்க. எனக்காக மறைக்காதீங்க, அவங்களுக்காகவும் மறைக்காதீங்க," என்றாள் ஹனா.

எழுதுகிறேன் என்றேன். எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

4

முதல் நாள் மாலை, டிராமில் திரும்பினோம். அவர்கள் ஏறியதுமே இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் அரசாங்கத்தைத் திட்டுவதும் டிராமில் பெரியவர்களுக்கு இடம் கொடுப்பதும் தவறாமல் நடக்கும். இருவரும் உட்கார்ந்தார்கள்.

அடுத்த நிறுத்தத்தில் பச்சைக் கோட்டுப் போட்ட ஓர் அம்மாள் ஏறினாள். வயது எழுபத்தாறு. [எனக்கு எப்படித் தெரியும்? பிறகு பார்க்கலாம்.] அலோயிஸ் கைத்தடியை மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"உக்காருங்கம்மா."

"பரவாயில்லைங்க. நீங்க உக்காருங்க."

"பொம்பளைங்க நிக்கறப்ப நான் உக்காந்து பழக்கமில்ல."

"நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நானுந்தான் நல்லா இருக்கேன். உக்காருங்க."

லுட்மிலா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்: "பொம்பளை நின்னா இவரு காலு தானா எந்திரிச்சிரும். கல்யாணத்தன்னிக்கு எங்கம்மாவுக்கு எந்திரிச்சாரு, எங்க அத்தைங்க நாலு பேருக்கும் எந்திரிச்சாரு. எங்கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிடல."

இரண்டு நிறுத்தம் வரை அந்த இருக்கையில் யாரும் உட்காரவில்லை. அதன் இரண்டு பக்கமும் இரண்டு பேர் மரியாதையாக நின்றார்கள். பிறகு டிராம் வளைவில் திரும்பியது. அலோயிஸ் விழுந்தார்.

5

முழங்கையில் தோல் உரிந்தது. கைக்கடிகாரத்தின் கண்ணாடி உடைந்தது. வேறொன்றுமில்லை.

"விழல. உக்காந்தேன்," என்றார் அவர், தரையிலிருந்து.

விடுதியில் லுட்மிலா காயத்துக்குப் பஞ்சு வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் படிவம் நிரப்புவேன் என்பது அவளுக்குத் தெரியும்.

"எழுதறதுன்னா எழுதுங்க, தப்பில்ல. ஆனா ஏன் எந்திரிச்சாருன்னும் சேத்து எழுதுங்க."

"சும்மா இரு," என்றார் அலோயிஸ்.

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? மூணாம் மாடியில சும்மாதான இருக்கப்போறேன்."

அவர் ஒரு ரொட்டியை எடுத்துப் பாதியாகப் பிய்த்து, பெரிய பாதியை அவளிடம் கொடுத்தார்.  

6

இந்த இடத்தில் நீங்கள் சந்தேகப்பட்டிருப்பீர்கள். சரிதான்.

பச்சைக் கோட்டு அம்மாள் என்று யாரும் ஏறவில்லை; அந்த எழுபத்தாறு வயதும் நான் கூட்டிப் போட்டதுதான். அவர் எழுந்தது எனக்காக.

காலையிலிருந்து நடந்து எனக்குக் கால் வலித்தது. ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றேன், அதை அவர் பார்த்துவிட்டார். வழிகாட்டி உட்காரக் கூடாது என்று விதி எதுவும் இல்லை, இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். எனக்கு ஒருவர் டிராமில் எழுந்து இடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அதுவும் யார்? டிராம் படியில் ஏறும்போது நான் கை பிடித்து ஏற்றிவிட்ட ஆள்.

நான் சொன்னதையும் நாலாம் பகுதியில் நாகரிகமாக மாற்றியிருக்கிறேன். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லவில்லை. "எனக்கென்ன அவ்வளவு வயசாயிட்டுதா?" என்று கேட்டேன். பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன்.

நான் உட்கார்ந்திருந்தால் அவர் அந்த இருக்கைக்கு எதிரே இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருப்பார். ஒரு கையை நீட்டி என்னை உட்காரச் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் விழுந்தார்.

7

பயணி துணையின்றிச் சமாளித்தாரா?

முடிவு ஒன்று: "இல்லை. டிராமில் விழுந்தார்." இது உண்மை. அவர் தரைத்தளம், அவள் மூன்றாம் தளம். இடையில் லிஃப்ட் இருக்கும். வேலையும் செய்யும்.

முடிவு இரண்டு: "ஆம்." அவர்கள் வீட்டுக்குப் போவார்கள். உருளைக்கிழங்கு இன்னும் நிலவறையில்தான் இருக்கிறது. மேலே டிவி ஓடும், அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

முடிவு மூன்று: "வழிகாட்டி உட்கார மறுத்ததால் விழுந்தார்." இதுவும் உண்மை, ஒரே வரியில் அடங்கியும் விடுகிறது. என் வேலை போகலாம். அப்படியும் ஹனா கேட்பாள், விழுந்தாரா இல்லையா என்று. அவள் கேட்பதிலும் தப்பில்லை.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். மறுநாள் ரயில் நிலையத்துக்குப் போகும் டிராமில் அவர் மறுபடியும் எனக்காக எழுந்தார்.

"ஆரம்பிச்சிட்டாரு," என்றாள் லுட்மிலா.

நான் உட்கார்ந்தேன்.  இருக்கை சூடாக இருந்தது. அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஐந்து நிறுத்தம் நின்றார். பிளாஸ்திரி ஒட்டிய முழங்கை என் முகத்துக்கு நேராக இருந்தது. வளைவுகள் வந்தன. அவர் விழவில்லை.

ஹனா இரண்டு முறை அழைத்துவிட்டாள். சொந்த வார்த்தைகளில் எழுதச் சொல்கிறது படிவம். என் சொந்த வார்த்தைகளின் யோக்கியதையைப் பார்த்தீர்கள், சமயம் கிடைத்ததும் பச்சைக் கோட்டு மாட்டிக்கொண்டன. ஆகவே அந்த இரண்டு வரியை நீங்கள் எழுதுங்கள். மற்ற கட்டங்களை நான் நிரப்பிவிட்டேன். ஒன்றையும் கோடு போட்டு விடவில்லை.

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

வழிகாட்டியின் பெயர்: யித்கா
வயது: 64