மொட்டை மரத்துக்கு ஒரு வரிசை

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா. போர்வையைக் கால்வரைக்கும் இழுத்துவிட்டுக்கோங்க. எங்க ஊர் ஆற்றோரம் போன வருஷம், இலை சிவக்கிற மாசத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அதில் பாதிப் பழி என் மேலேதான்.

சிவந்த இலைகளைப் பார்க்க ஊரே சேர்ந்து நடக்கிற நாள் அது. "எளிய நடை, மூன்று கிலோமீட்டர், மேடு கிடையாது" என்று நகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எங்க ஊரில் தனியாக இருக்கும் முகாய் அண்ணனுக்கு வயது எண்பத்தொன்று. டோக்கியோவிலிருந்து வந்த மகள் நத்சுயோ முந்தின நாளே சொல்லிவிட்டாள்: "முழுசா நடந்து காட்டுங்கப்பா, இந்த வீட்டுலயே இருங்க. நடுவுல உக்காந்தீங்க, பனி விழறதுக்குள்ள என்கூடக் கிளம்பிடணும்."

அண்ணனின் இடது முழங்கால் ஒரு மாசமாகச் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியாது, மகளுக்கும் தெரியாது.

நத்சுயோ பள்ளித் தோழிகளோடு அரட்டையடித்தபடி முன்னால் போய்விட்டாள். முதல் கிலோமீட்டரிலேயே அண்ணனுக்குக் கால் மடங்கியது. உட்கார்ந்தால் ஊர் பார்க்கும். பக்கத்தில் இலையெல்லாம் கொட்டிப்போன ஒரு மொட்டை மரம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதை ரசிப்பதுபோல் அண்ணாந்து நின்றுவிட்டார்.

பின்னால் வந்தது நான். ஒருவர் மரத்தை ரசிக்கும்போது குறுக்கே புகுந்து போவது என்ன மரியாதை? நானும் நின்றேன். எனக்குப் பின்னால் தபாலாபீஸில் வேலை பார்க்கும் ஓடா என்பவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு தம்பதி.

"எதுக்குங்க வரிசை?"

"தெரியல. முன்னாடி இருக்கறவங்க என்னமோ பாக்கறாங்க."

"விசேஷமான மரமா இருக்கும்."

"பின்ன, சும்மாவா நிப்பாங்க?"

இருபது நிமிஷத்தில் நாற்பது பேர். மஞ்சள் அங்கி போட்ட நகராட்சி ஆள் மூச்சிரைக்க ஓடிவந்து, "வரிசையின் கடைசி இங்கே" என்று ஒரு பலகையைத் தூக்கிப் பிடித்தார். அதன்பிறகு யாருக்கும் சந்தேகமே இல்லை.

அண்ணன் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

"அண்ணே, போட்டோ எடுத்து விடட்டுமா?" என்றேன். வேறென்ன செய்வார் பாவம், இரண்டு விரலை உயர்த்திக்கொண்டு நின்றார்.

முன்னால் போன நத்சுயோ, பின்னால் ஒரு ஆளைக் காணோமே என்று திரும்பி ஓடிவந்தாள்.

"அப்பா! உக்காந்துட்டீங்களா?"

"உக்காரவா? வரிசையில நின்னேம்மா. இருபது நிமிஷம்!"

அவள் வரிசையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். "இவ்வளவு நேரமா? என்னாலயே முடியாதுப்பா." முகம் இளகியது. அண்ணன் ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"சரி, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு எடுத்துக்கலாம்."

"அதான் எடுத்தாச்சே..."

"தனியாத்தானே எடுத்தீங்க? வாங்க."

பலகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். முன்னால் ஐம்பது பேர். அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்றைக்கும் உறைக்கிறது. பாவம் கழியட்டும் என்று நானும் அவர்களோடு போய் நின்றேன்.

முக்கால் மணி நேரம். பாதியிலேயே அண்ணன் மகளின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டாள். ஓரளவு பாசமும்தான். எங்கள் முறை வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"ஒரு மரத்துக்காக இத்தனை நேரம் நிக்கறீங்க. இந்த ஊரைவிட்டு உங்களை எப்படிப்பா பிரிக்கறது?"

மிச்ச தூரத்தையும் அந்தத் தோளை விடாமலே நடந்து முடித்தார். ஊரிலேயே இருக்கிறார். அந்தக் குளிர்காலத்தில் தன் தோட்டத்து முள்ளங்கியைத் தானே பிடுங்கினார். நடை முடிந்த மறுநாள் முழுக்க அவர் படுக்கையிலிருந்து எழவில்லை, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருஷம் நகராட்சி அந்த மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அடியில் ஒரு பெஞ்சும் போட்டிருக்கிறது. அண்ணனுக்கு அதில் ஒரு தடவை உட்கார ஆசை. ஆனால் அதற்கும் வரிசை நிற்கிறதாம்.

போய்வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் கால் வலிக்கிறவருக்கு எப்போதும் ஓர் இருக்கை காலியாக இருக்கட்டும், பிடித்துக்கொள்ள ஒரு தோளும் இருக்கட்டும்.