பாதிக்குப் பாதி

ஜெயனியின் கை நடுங்குகிறது என்று பேராசிரியர் சௌந்தரராஜன் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பதினொரு பேர் முன்னால் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் வீட்டருகே பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அவளுக்குக் காது சுட்டது.

ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை இதுதான்: ஒற்றைச் செல்லாக இருக்கும் எலிக் கருவுக்குள் முடியிலும் மெல்லிய கண்ணாடி ஊசியால் மருந்தேற்றி, ஒரு புரதத்தை முடக்குவது. பிறகு அதைத் தாய் எலிக்குள் வைத்து எட்டாம் நாள் எடுத்துப் பார்ப்பது. வேண்டாத மரபணுக்களின் வாயை அடைப்பது அந்தப் புரதத்தின் தொழில். எல்லாக் கருவும் செத்தால் புரதம் அவசியம், எல்லாம் பிழைத்தால் அவசியமில்லை. ஜெயனி ஊசி போட்டவற்றில் பாதி செத்தது, பாதி ஜம்மென்று வளர்ந்தது. ஒப்பிடுவதற்காக வெறுந்திரவம் ஏற்றிய கருக்களோ கூட வேலை செய்யும் மாதவன் கையால் போனவை. அவை ஏறக்குறைய எல்லாமே பிழைத்தன. பிறகென்ன, பழி அவள் கைமேல் விழுந்தது.

"திங்கட்கிழமையிலேர்ந்து ஊசியை மாதவனே பாத்துக்கட்டும். தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் சென்னைக்காரரான பேராசிரியர். நாலு வருட உழைப்பு! தப்பாக எடுக்காமல் வேறெப்படி எடுப்பதாம்?

சனிக்கிழமை காலை, தன் குற்றத்தைத் தானே பார்த்துவிடுவது என்ற வீம்பில் குறிப்புப் புத்தகத்தை விரித்தாள். பதினாறில் எட்டு செத்தது. பதினாலில் ஏழு. இருபதில் ஒன்பது. காய்ச்சலோடு போட்ட நாளிலும் பாதி, பாட்டுக் கேட்டபடி போட்ட நாளிலும் பாதி. நடுங்குகிற கை இவ்வளவு ஒழுங்காகவா நடுங்கும்? கைதான் காரணமென்றால் சாவு ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். இந்தப் பாதி கையிலிருந்து வரவில்லை, கருவிலிருந்து வருகிறது.

கருக்களைப் பாதிக்குப் பாதி பிரிப்பது எது? ஆணும் பெண்ணும்!

பெண் கருவுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. தொடக்கத்திலேயே ஒன்றின் வாயை அடைக்காவிட்டால், இரண்டும் சேர்ந்து போடும் கூச்சலைக் கரு தாங்காது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அடைக்கவே வேண்டாம். இது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். இந்தப் புரதத்துக்கு அதில் பங்கிருக்கும் என்றுதான் அங்கே ஒருவரும் நினைக்கவில்லை. அவள் கையைக் குறை சொல்லவே நேரம் சரியாக இருந்தது.

ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாள். அங்கே மாதவன் இருந்தான்.

"எட்டாம் நாள் எடுத்து உறைய வச்ச கருக்களுக்கு நம்பர் மட்டும் ஒட்டித் தாங்கோ. எது செத்தது, எது பிழைச்சது எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ."

"சரிங்க. சார்கிட்ட என்னை மாட்டிவிட்டுடாதீங்க."

ஆண் என்றால் டி.என்.ஏ. சோதனையில் இரண்டு பட்டை விழும், பெண் என்றால் ஒன்று. ஞாயிறு மத்தியானம் ஐம்பதையும் பார்த்து முடித்தபின் மாதவன் தன் பட்டியலை நீட்டினான். செத்த இருபத்துநாலும் பெண். பிழைத்த இருபத்தாறில் ஒன்றைத் தவிர அத்தனையும் ஆண். ஜெயனி மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

திங்கட்கிழமை பேராசிரியர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டு முடிவுகளைப் பார்த்தார். பெண் கருவில் ஒரு எக்ஸின் வாயை அடைப்பது என்ற அந்தப் புரதத்தின் புது வேலை அவர் கண்முன் இருந்தது.

"ஊசி உங்ககிட்டயே இருக்கட்டும். கட்டுரையை நீங்களே எழுதுங்க. முதல் பேர் உங்க பேர்தான்."

"நன்றி சேர். ஆனா என்ர கை நடுங்குது எண்டு எல்லாருக்கும் முன்னாலதானே சொன்னனீங்கள். இதையும் அங்கயே சொல்லுங்கோ."

அவர் எழுந்து போய் எல்லோரையும் கூப்பிட்டார்.

"ஜெயனி கை நடுங்கல. நான்தான் சரியா பாக்கல."

மாதவன்தான் முதலில் கைதட்டினான். அவள் அடக்கத்துக்குக்கூடத் தலை குனியவில்லை. கடைசிக் கைதட்டல் ஓயும்வரை நிமிர்ந்து நின்று கேட்டாள்.