மூன்று புளியங்கொட்டைகள்

கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. கணக்குப் படித்துக்கொண்டிருந்த அம்சவல்லி, பொங்கல் லீவுக்கு ஊருக்கு வரும்போது ஒரு விளையாட்டையும் கொண்டுவந்தாள். கல்லூரி நூலகத்தில், ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்தது. தரையில் கட்டம் போட வேண்டும். கட்டத்தில் வைக்கிற ஒவ்வொரு புளியங்கொட்டையும் ஓர் உயிர். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் இரண்டோ மூன்றோ துணை இருந்தால் பிழைக்கும். குறைந்தால் தனிமையில் சாகும், கூடினால் நெரிசலில் சாகும். காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று உயிர் இருந்தால் அங்கே புதிதாக ஒன்று பிறக்கும். அவ்வளவுதான் சட்டம். ஆனால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. கொட்டைகள் பரவும், சுருங்கும், எங்கோ ஒரு மூலையில் மறுபடி முளைக்கும். பார்க்கப் பார்க்கத் தரையே மெல்ல மூச்சு விடுவதாக அவளுக்குத் தோன்றும்.

அப்பா ரெத்தினம் பண்ணைக் கூலியாள். வாய்க்கால் கரையில் வரிசையாக மூன்று கூரை வீடுகள். முதலில் அவருடையது, நடுவில் கண்ணுசாமியுடையது, கடைசியில் பூவம்மாளுடையது. மண் மட்டும் பண்ணையாருடையது. குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. தை கடைசியில் தாசில்தார் விசாரணைக்கு வருவதாக இருந்தார். அதற்குள் பண்ணையாரின் காரியக்காரர் ரெத்தினத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இங்க குடியிருக்கலேன்னு ஒரு கைநாட்டு வையி. ரைஸ் மில்லுல வாட்ச்மேன் வேலை, தங்க ஓட்டு வீடு."

ரெத்தினத்துக்குச் சோறு இறங்கவில்லை. மகள் பக்கத்தில் வந்து குந்தினார்.

"நம்ம மூணு வீட்டையும் வச்சுப் பாரேன் தாயி."

அவள் விளையாட்டாகத்தான் வைத்தாள். வரிசையாக மூன்று. ஓரத்துக் கொட்டைக்கு ஒரே துணை, எடுத்தாள். இப்போது நடுவில் உள்ளதற்கும் ஒரே துணை, எடுத்தாள். கடைசி ஒன்றியாக நின்றது. அதையும் எடுத்தாள்.

"மூணும் போயிடுச்சுப்பா!" என்று சிரித்தாள். ரெத்தினம் சிரிக்கவில்லை. எழுத்து வாசனை இல்லாத மனுஷன். மகள் வாயிலிருந்து வந்துவிட்டால் அவருக்கு அது கெஜட்டில் வந்த மாதிரி.

லீவு முடிந்து ஹாஸ்டலுக்குப் போனவள், அறைத்தோழி சஃபியாவிடம் போட்டுக் காட்டினாள். சஃபியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒண்ணொண்ணா ஏண்டி எடுக்குறே? யாரு சாகணும், யாரு பொறக்கணும்னு மொதல்ல எல்லாத்தையும் பார்த்துக்கணும். அப்புறம் ஒரே நேரத்துல மாத்தணும்."

மாற்றினார்கள். ஓரத்து இரண்டும் போன அதே நொடியில் நடுக்கொட்டைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று பிறந்தது. படுத்திருந்த வரிசை எழுந்து நின்றது. அடுத்த முறை படுத்தது, மறுபடி நின்றது. எத்தனை முறை மாற்றினாலும் மூன்று மூன்றாகவே இருந்தது.

அன்றைக்கு அப்பா சிரிக்காதது அம்சவல்லிக்கு நினைவு வந்தது. கிடைத்த பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே வயல்கள் கட்டம் கட்டமாக நகர்ந்தன. ஒரு வயலில் எழுந்த கொக்குகள் அடுத்ததில் இறங்கின. யாரோ பெரிய விரலால் இந்த நாடு முழுவதையும் விளக்கைப் போல அணைத்து அணைத்து ஏற்றுவதாகப் பாதித் தூக்கத்தில் அவள் கண்டாள். தன் ஊர் வந்ததே தெரியவில்லை, கண்டக்டர்தான் எழுப்பி இறக்கிவிட்டார்.

அப்பா முதல் நாளே கைநாட்டு வைத்திருந்தார்.

"நீதானே தாயி சொன்னே, எப்படியும் மூணும் போயிடும்னு. போறதுதான் போறோம், ஓட்டு வீட்டுக்காவது போவோமே."

"நான் தப்பாப் போட்டுட்டேம்பா!"

"வச்ச கைநாட்டை அழிக்க முடியுமா?"

ரெத்தினமே போன பிறகு நமக்கென்ன என்று கண்ணுசாமியும் சட்டி பானையைக் கட்டிக்கொண்டிருந்தார். பூவம்மாள் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அம்சவல்லிக்குத் தன் விரலை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

மறுநாள் காலை மதகடியில் விசாரணை. தாசில்தார் காகிதத்தைப் படித்தார்.

"ரெத்தினம் இங்க குடியில்லேன்னு எழுதிக் கொடுத்திருக்காரு. மத்த ரெண்டு பேரும் என்ன சொல்றீங்க?"

கண்ணுசாமி காரியக்காரரைப் பார்த்தார். அம்சவல்லி முன்னால் வந்தாள்.

"எங்கப்பா கொடுத்தது பொய்ங்க. நான் பொறந்ததே அந்த வீட்டுலதான். மூணு வீடும் எங்களுதுதான்."

"ஆமாங்க சாமி!" என்றாள் பூவம்மாள். அதோடு சேர்ந்தே கண்ணுசாமியின் குரலும் எழுந்தது. ஊரே திரும்பி, காரியக்காரர் பக்கத்தில் நின்ற ரெத்தினத்தைப் பார்த்தது. பெற்ற தகப்பனைச் சபையில் பொய்யன் ஆக்கிவிட்டோமே என்று அம்சவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னய்யா, நீ சொன்னது பொய்யா, உம் பொண்ணு சொல்றது பொய்யா?" என்றார் தாசில்தார்.

ரெத்தினம் காரியக்காரரை விட்டு நடந்து வந்து மகள் அருகில் நின்றார்.

"எம் பொண்ணு கணக்குல தப்புப் பண்ணுவா சாமி," என்றார். "பொய் சொல்ல மாட்டா."