மூடியில் எழுதியது முதல் தூறல்

ஜப்பானின் மாட்சுயே நகரத்தில், கோட்டை அகழிக்குப் பின்புறச் சந்தில் இட்சுகோவுக்கும் மிசாவோவுக்கும் பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகிறது. ஓரகத்திகள், வீடுகளுக்கு நடுவே ஒரு வேலிதான். காரணம், ஒரு தேநீர்க் கிண்ணம்.

மாமியார் காலமானதும் அவர் சேர்த்து வைத்திருந்த பழைய தேநீர்க் கிண்ணங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் நாடா கட்டிய மரப்பெட்டிக்குள். மூடியில் மையால் எழுதியிருக்கும் கிண்ணத்தின் வகையையும் பெயரையும் நம்பி வாங்கிக்கொள்வதுதான் அங்கே நாகரிகம். நாலு பேர் முன்னால் திறந்து பார்த்தால் சந்தேகப்பட்ட மாதிரி. 'கறுப்புக் கிண்ணம், முதல் தூறல்' என்ற பெட்டி இளையவள் இட்சுகோவுக்கும், 'வெளிர்மஞ்சள்' என்ற பெட்டி மூத்தவள் மிசாவோவுக்கும் விழுந்தன. வீட்டில் வந்து திறந்தால் உள்ளே ஒரு வெளிர்மஞ்சள் கிண்ணம்.

மூத்தவள் மாற்றிவிட்டாள் என்று முடிவு கட்டி, இட்சுகோ அதை மீன்கடையில் சொன்னாள். மீன்கடையில் சொன்னால் தண்டோரா தேவையில்லை.

இப்போது நவம்பர். தரையில் பதித்த கணப்பு அடுப்பைத் திறந்து, குளிர்காலத்தின் முதல் தேநீர் விருந்தை ஞாயிற்றுக்கிழமை இட்சுகோ கொடுக்க வேண்டும். "எங்க குடும்பத்துக் கறுப்புக் கிண்ணத்துலதான்" என்று தேநீர் வகுப்புத் தோழிகளிடம் பீற்றிக்கொண்டும் விட்டாள். கிண்ணமோ வேலிக்கு அந்தப் பக்கம். வேறு வழியின்றி, வியாழக்கிழமை காலை தன் பெட்டியைத் துணியில் முடிந்துகொண்டு மூத்தவள் வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, கறுப்பைக் குடுங்க. இந்த மஞ்சளை நீங்க வச்சுக்கோங்க."

"என்னைத் திருடின்னு சொன்ன வாயா இது? உள்ள வா, குளிருது."

மிசாவோ ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். மூடியில் 'வெளிர்மஞ்சள்' என்றிருந்தது. நாடா அவிழ்க்கப்படவே இல்லை.

"திறந்தே பார்க்கலையா?"

"திறந்து, கறுப்பு இருந்துட்டா? நீ சொன்னது நிஜமாயிடுமே."

இட்சுகோ குனிந்து முடிச்சைப் பார்த்தாள். சுருக்கு இடவலம் மாறி விழுந்திருந்தது. அந்தக் குடும்பத்தில் இடதுகைக்காரி அவள் ஒருத்திதான். மாமியாரின் கடைசி இலையுதிர்காலத்தில் கிண்ணங்களை நிழலில் காற்றாட வைத்து, திரும்ப அடுக்கிக் கட்டியவள் அவளேதான். கை அடுக்கும்போது வாய் யார் வீட்டுக் கதையையாவது அளந்துகொண்டிருந்திருக்கும்.

சட்டென்று அவிழ்த்துவிட்டால் முடிச்சு போன இடம் தெரியாது. கை நாடா வரைக்கும் போனது. அங்கேயே நின்றது.

"அக்கா... மாத்தி வச்சது நான்தான். இது என் முடிச்சு."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"நீ ஊரெல்லாம் சொன்ன மறுநாளே முடிச்சைப் பார்த்துட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நீயா வந்து பார்க்கட்டும்னு இருந்தேன். அதுக்கு ரெண்டு வருஷம் எடுத்துப்பேன்னு யாருடி கண்டா?"

இட்சுகோவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "ஞாயித்துக்கிழமை முதல் விருந்தாளியா நீங்கதான் உக்காரணும். எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"சொல்லு. ஆனா தேநீர் ஆறிப்போறதுக்குள்ள முடி."

மிசாவோ நாடாவை அவிழ்த்தாள். கறுப்புக் கிண்ணத்தை வெந்நீர் ஊற்றிச் சூடாக்கினாள். மஞ்சளையும் பக்கத்தில் வைத்தாள். "ரெண்டும் பட்டினி கிடக்கு. முதல்ல நாம குடிப்போம்."

மதியம் தாண்டியும் இட்சுகோ வீடு திரும்பவில்லை. அவள் கணவன் ஆறின சோற்றையும் முள்ளங்கி ஊறுகாயையும் வைத்து ஒப்பேற்றிக்கொண்டான்.