தின்றதற்கு ஒரு கட்டம்

வாசலில் மைத்துனர் வாடகை நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்த சத்தத்தில், மனைவியின் கைப்பேசி அடித்தது தட்டச்சுக்காரருக்கு மூன்றாவது தடவைதான் கேட்டது. எடுத்தார். திட்ட அலுவலகத்து இளம் அதிகாரி பேசினான். மேடம் ஊருக்குக் கிளம்பிவிட்டார்களா என்று கேட்டான். மேடம் விடிகாலையில் இறந்துவிட்டார் என்று இவர் சொன்னார். குரல் உடையவில்லை. தன் கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று சொல்கிற அதே குரல்தான் வந்தது. அவன் ஏதேதோ சொல்லி வைத்துவிட்டான்.

பத்து நிமிடம் கழித்து அவனே மறுபடி கூப்பிட்டான். இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான் என்று மூன்று முறை சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தான். நாளைக் காலை திட்டக் குழு கூடுகிறது. இன்று ஐந்து மணிக்குள் மேடத்தின் அறிக்கை வராவிட்டால் கோழித் திட்டத்தை ‘பலன் தெரியவில்லை’ என்று எழுதி மூடிவிடுவார்கள். அடுத்து முப்பது ஊர்ப் பெண்களுக்குப் போகவேண்டிய திட்டம். அவன் கெஞ்சுகிற மாதிரிதான் பேசினான்.

அறிக்கை நாற்பத்தோரு பக்கம். நாற்பதைத் தட்டச்சுக்காரர் ஏற்கெனவே அடித்து முடித்திருந்தார். கடைசிப் பக்கம் மட்டும் இல்லை. அதில்தான் முடிவு இருக்க வேண்டும்.

கிராமத்துப் பெண்களுக்கென்று தொடங்கும் திட்டங்கள் சொன்னதைச் செய்தனவா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுவது மனைவியின் வேலை. ஆடு, தையல் மெஷின், காய்கறித் தோட்டம் என்று இருபது வருடமாக ஊர் ஊராகப் போனாள். போன இடத்திலெல்லாம் ‘கேள்வியக்கா’ என்று பெயர் வாங்கினாள். அவள் கையால் எழுதிக்கொண்டு வருவதை வீட்டின் முன்னறையில் இருக்கும் கடையில் இவர் கணினியில் அடிப்பார். அவள் கையெழுத்தை அவளே சில சமயம் இவரிடம் கேட்டுத்தான் படிப்பாள். இத்தனை வருடத்தில் அவள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட இவர் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்த முறை ஒரே ஊர். இருபத்திரண்டு பெண்கள், ஆளுக்கு ஐந்து கோழி, மொத்தம் நூற்றுப்பத்து. இரண்டு வாரத்துக்கு முன்னால் எண்ணிவிட்டு வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே சிரித்தாள். ஒன்றரை வருடத்துக்கு அப்புறமும் நூற்றாறு கோழி இருக்கிறதாம். ஆனால் மூன்றாவது வீட்டில் பார்த்த, கழுத்தில் இறகே இல்லாத ஒரு கோழியை ஆறாவது வீட்டிலும் பார்த்தாளாம்.

“பதினொண்ணாவது வீட்டுல என்னைப் பார்த்ததும் அதுவே கிட்ட வந்துருச்சு. எங்க ரெண்டு பேருக்கும் நல்ல பழக்கமாயிருச்சு.”

இவரும் சிரித்தார். ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் தட்டில் கை வைக்காமல் இருந்தாள். கோழிகளைக் கொல்லைப்புறமாக வீட்டுக்கு வீடு கடத்தியிருக்கிறார்கள். அதை எழுதினால் ஏமாற்றுக்காரர்கள் என்று திட்டம் அன்றைக்கே நிற்கும். நூற்றாறு என்றே எழுதினால் அது பொய். “ஏன் ஒளிச்சாங்கன்னு தெரியாம முடிவுல நான் ஒரு வரி எழுத மாட்டேன். திரும்பப் போகணும்” என்றாள். வேன்காரரிடம் இன்றைய தேதியைச் சொல்லி வைத்தாள். நேற்றே பையைக் கட்டி, புதுப் படிவங்களை அதில் வைத்து, கதவோரம் சாய்த்துவிட்டுப் படுத்தாள். காலையில் தேநீர் கொண்டுபோய் வைத்து எழுப்பினார். எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்றார் டாக்டர். வலி தெரிந்திருக்காது என்றும் சொன்னார். அது ஆறுதலா என்று இவருக்கு விளங்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

ஏழு மணிக்கு வேன்காரர் வந்து ஹாரன் அடித்தார். உள்ளே வந்து பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் எங்கே போனார் என்று மத்தியானம்தான் தெரிந்தது. கோழி வாங்கிய ஊரிலிருந்து பதினாறு பெண்களை அடைத்துக்கொண்டு வேன் வந்து நின்றது. இரண்டு மணி நேரப் பயணத்தில் கசங்கிப்போய் ஒவ்வொருவராக இறங்கினார்கள். உள்ளறையில் அவளைப் பார்த்ததும் சிலர் வாய்விட்டு அழுதார்கள். அவர்களுடைய லீடர், நல்ல உயரமான பெண், அழவில்லை. இவரிடம் வந்து, வேலைக்கு ஆள் எடுக்கிறவள் மாதிரி மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்கதான் டைப் அடிக்கிறவரா? அக்கா சொல்லும். எங்க வீட்டுக்காரரு ஒரு எழுத்துத் தப்பு விடமாட்டாருன்னு.”

காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. முன்னறைக்கு வந்து, கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்து நிமிர்ந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை. நான்கு மணிக்கு வண்டி வரும், அவளை எடுத்துப் போக.

அவர் கதவோரப் பையைத் திறந்து படிவங்களை எடுத்தார். மைத்துனர் பார்த்துவிட்டார். மைத்துனர் நல்லவர்தான், ஆனால் எந்த வீட்டுக் காரியத்துக்குப் போனாலும் அந்த வீட்டை நிர்வாகம் செய்ய ஆரம்பித்துவிடுவார்.

“என்ன மாப்ள இது? துக்கம் கேட்க வந்தவங்ககிட்டப் போயி ஃபாரம் நீட்டப் போறீங்களா?”

இவர் படிவங்களோடு நடந்தார். ஊரார் என்ன நினைப்பார்கள் என்று மைத்துனர் பின்னாலேயே வந்தார். தட்டச்சுக்காரருக்கும் இது புதிது. பிறந்ததிலிருந்து யாரையும் கேள்வி கேட்டுப் பழக்கமில்லாதவர் அவர். கேட்பதெல்லாம் அவள் வேலை. பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கழுத்தில் இறகில்லாத கோழியைப் பற்றிக் கேட்டார். அது இப்போது எப்படி இருக்கிறது என்று.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“அக்காவுக்குத் தெரிஞ்சு போச்சா?” என்றாள் லீடர்.

“தெரியும். ஏன்னுதான் தெரியல. அதைக் கேக்கத்தான் இன்னைக்கு வர்றதா இருந்தா.”

லீடர் படிவத்தை அவர் கையிலிருந்து வாங்கி, விரலால் கட்டங்களைக் காட்டினாள். அவளுக்கு எழுத்து படிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கட்டம் எதற்கு என்று அத்தனையும் மனப்பாடம்.

“இது கையில இருக்குறது. இது வித்தது. இது செத்தது. நாங்க வித்தது கொஞ்சம், செத்தது கொஞ்சம். மிச்சத்தைத் தின்னுட்டோம் சார். தின்னதுக்குக் கட்டமே இல்ல. கட்டம் இல்லாத வேலையைச் செஞ்சுட்டோமே, திருப்பிக் கேப்பாங்களேன்னு பயந்துட்டோம்.”

தட்டச்சுக்காரர் படிவத்தையே பார்த்தார்.

மனைவி எழுதிக் கொடுத்த படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தது. ‘உண்டது’ என்று. ஒன்றரை வருடத்துக்கு முன்னால், தாளின் அகலத்தில் எட்டுக் கட்டம் அடங்கவில்லை. அவள் வெளியூரில் இருந்தாள். எந்தக் கட்டத்தை எடுக்கலாம் என்று போனில் கேட்டார். அவள் ஏதோ கூட்டத்தில் இருந்தபடி, உங்களுக்குத் தோன்றுவதைச் செய்யுங்கள் என்றாள். உண்டாலும் கோழி செத்ததுதானே என்று கணக்குப் போட்டு இவர் எடுத்துவிட்டார். வாழ்நாளில் அவள் எழுத்தில் இவர் வைத்த ஒரே கை. அவளும் அப்புறம் அதைக் கவனிக்கவில்லை, அவர் மறந்தும்போனார். கர்வம் மட்டும் மறக்கவில்லை.

“அந்தக் கட்டத்தை எடுத்தது நான்தாம்மா” என்றார். “அவ எழுதித்தான் குடுத்தா. தாள்ல இடம் பத்தலன்னு நான் எடுத்துட்டேன். கோழி குடுத்ததே நீங்களும் பிள்ளைங்களும் சாப்பிடணும்னுதான்.”

பின்னால் இருந்த ஒல்லியான பெண் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பக்கத்தில் இருந்தவள் அவளைக் கிள்ளப் போய் அவளும் சிரித்தாள். சாவு வீட்டில் பதினாறு பெண்கள் சிரிப்பதைப் பார்த்து மைத்துனர் எழுந்து உள்ளே போய்விட்டார். சமையலறைச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டும் இருந்தார்.

தட்டச்சுக்காரர் ஸ்கேலும் பென்சிலும் எடுத்துவந்து ஒவ்வொரு படிவத்திலும் ஓரத்தில் ஒரு கட்டத்துக்குக் கோடு போட்டார். முதல் கோடு கோணலாக வந்தது. அப்படியே விட்டார். ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். வராத ஆறு பேருக்கும் பக்கத்து வீட்டுக்காரிகள் சொன்னார்கள். யார் வீட்டுச் சட்டியில் என்ன வெந்தது என்று தெரியாத பெண் அங்கே ஒருத்தியும் இல்லை. எண்ணிக்கையை மட்டும் கேட்டால் போதும், ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. மகள் பிள்ளை பெற்று வந்திருந்தபோது இரண்டு. கடைக்குட்டிக்குக் காய்ச்சல் விட்டதும் ஒன்று. முட்டை வாரத்துக்கு நாலு நாள், பள்ளிக்கூடத்தில் வாத்தியாரே பையன் இப்போதெல்லாம் தூங்குவதில்லை என்றாராம். அவர் எல்லாவற்றையும் எழுதினார்.

ஒல்லிப் பெண்ணின் முறை வந்தபோது அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“மூணு சாப்பிட்டோம். கல்யாணமாகி பதினஞ்சு வருஷத்துல அன்னைக்குத்தான் கோழிக்கால் துண்டு நான் எடுத்துக்கிட்டேன். கோழி என் பேருல இருந்துச்சுல்ல.”

இதை மனைவியிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று இருந்தது அவருக்கு. எழுந்தும்விட்டார். உள்ளறைப் பக்கம் இரண்டு அடி வைத்த பிறகுதான் நினைவு வந்தது. இருந்தாலும் போனார். அவள் அருகில் போய்க் குனிந்து, கால் துண்டு விஷயத்தை மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தார். சமையலறை வாசலில் நின்றிருந்த மைத்துனர், சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று பார்க்காமல், பெண்களுக்குத் தேநீர் போட அடுப்பைப் பற்ற வைத்தார்.

மூன்றரைக்குக் கணினி முன்னால் உட்கார்ந்தார். கையில் இருப்பது முப்பத்தொன்று, விற்றது பன்னிரண்டு, இறந்தது ஆறு, உண்டது அறுபத்தொன்று. கூட்டினால் நூற்றுப்பத்து, சரியாக வந்தது. அடுத்து முடிவு. அடிக்க எதிரே அவள் கையெழுத்து இல்லை. வெறும் திரைதான் இருந்தது. பிறகு சொந்தமாக எழுதினார்.

‘கோழிகள் குறைந்துள்ளன. பெண்களும் பிள்ளைகளும் சாப்பிட்டிருக்கிறார்கள். திட்டத்தின் நோக்கம் அதுவே. முதல் எண்ணிக்கையில் கோழிகளை மாற்றிக் காட்டியதை அவர்களே சொன்னார்கள். அதற்குக் காரணம் படிவம். பிழை தட்டச்சு செய்தவருடையது. மதிப்பீட்டாளர் இன்று காலமானதால் இந்தப் பக்கத்தை நான் எழுதுகிறேன். முப்பது ஊர்களுக்கும் கொடுக்கலாம்.’

படித்துப் பார்த்தார். அவள் இதைவிட நன்றாக எழுதியிருப்பாள். ஆனால் இதில் அவள் அடித்துத் திருத்த வேண்டியது ஒன்றும் இல்லை என்றுதான் பட்டது.

நான்கு மணிக்கு வண்டி வந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். மைத்துனர் வாசலிலிருந்து மாப்பிள்ளை என்று கூப்பிட்டார். எழுந்திருக்கப் போனபோது சன்னலில் யாரோ தட்டினார்கள். லீடர் நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது. இப்போது அவள் கண் சிவந்து முகமெல்லாம் ஈரமாக இருந்தது.

“சார், அனுப்பிட்டீங்களா?”

இன்னும் இல்லை என்றார்.

“என் கணக்கு ஒண்ணு தப்பு. நாலு தின்னேன்னு சொன்னேன்ல? மூணுதான். ஒண்ணை நாய் தூக்கிட்டுப் போயிருச்சு. லீடர் வீட்டுக் கோழியையே நாய் தூக்கிருச்சான்னு இவளுங்க சிரிப்பாளுங்கன்னு சேர்த்துச் சொல்லிட்டேன். அக்கா கணக்குல அது இருக்க வேண்டாம் சார்.”

மைத்துனர் மறுபடி கூப்பிட்டார். தட்டச்சுக்காரர் உட்கார்ந்தார். இறந்தது என்ற கட்டத்தில் ஆறை ஏழாக்கினார். உண்டது என்ற கட்டத்தில் ஒன்றை அழித்துப் பூஜ்யம் போட்டார். லீடர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எழுத்துக்களையெல்லாம் தாண்டி, அந்த எண்ணைக் கண்ணால் தேடிக் கண்டுபிடித்தாள்.

“அறுபதா?”

“அறுபது.”

அவள் கம்பியை விட்டாள். அவர் அனுப்பிவிட்டு எழுந்தார்.