கழற்றி வைத்த உட்கரு

பீரோ, பிரிட்ஜ், பியானோ எதுவானாலும் முதுகில் வாங்கிக்கொண்டு மாடியேறிவிடுவான் என்பதால், சாமான் ஏற்றி இறக்கும் கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பெயர் கிரேன். அவன் மனைவி பள்ளியில் உயிரியல் டீச்சர். "மாப்பிள்ளைக்கு எல்லாம் தோள்லதான். கழுத்துக்கு மேல காலி இடம்" என்று டீச்சரின் அண்ணன் ஞாயிறுதோறும் சாப்பாட்டு மேசையில் அலுக்காமல் சொல்வார். எல்லோரையும் முந்திக்கொண்டு கிரேனே சிரிப்பான். டீச்சரும் சிரித்துவைப்பாள். பள்ளியில் யாராவது கேட்டால், கணவர் போக்குவரத்துத் துறையில் இருப்பதாகப் பூசி மெழுகிவிடுவாள்.

அவளுடையது தற்காலிக வேலை. இன்று தலைமையாசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்கிறார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பாடம், செல்லின் பாகங்களை மனித உடம்போடு ஒப்பிடுவது.

மாதிரிகள் எல்லாம் கிரேனின் கைவண்ணம். செல் சவ்வு தோல் மாதிரி என்று அவள் சொன்னதும், யாரோ வீசியெறிந்த சோபாவின் ரெக்ஸினை உரித்துத் தைத்தான். மைட்டோகாண்ட்ரியா வயிறும் நுரையீரலும் சேர்ந்த மாதிரி, லைசோசோம் கழிவைக் கவனிக்கும் ஈரல் மாதிரி என்றாள். அதற்கெல்லாம் சோபாவின் பஞ்சு. உட்கரு மூளை மாதிரி. அதற்கு ஊதா ரப்பர் பந்து.

"கண்ணுக்கே தெரியாத இத்தனூண்டுக்குள்ள ஒரு முழு ஆளா!" என்று அவன் வாயைப் பிளந்தான். அப்படி வாயைப் பிளக்கும் மாணவன் ஒருவனும் தனக்கு இதுவரை வாய்க்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

காலையில் அவன் பெட்டிகளை வகுப்பில் இறக்கிவைத்ததும், "நீங்க வண்டியிலயே இருங்க" என்றாள். திரும்பத் தூக்க வேண்டுமே என்று அவன் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

பாடம் ஜோராகப் போனது. கடைசியாக ரத்தச் சிவப்பணுவை எடுத்தாள். நடுவில் குழிந்த சிவப்புத் தட்டு, அவள் சொன்னபடிதான் இருந்தது. ஆனால் குழியில் ஓர் ஊதாப் பந்து தைக்கப்பட்டிருந்தது.

"மிஸ், சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாதே?" என்றாள் முன்பெஞ்சுப் பெண். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

வாசலில் கிரேனின் முகம் சுருங்கிவிட்டது. "எல்லாத்துக்கும் மூளை இருக்கு, இதுக்கு மட்டும் இல்லையேன்னு... டீச்சர் மறந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வழக்கம்போல அவனும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்று அவளால் தாங்க முடியவில்லை.

"சிரிக்காதீங்க!" என்றாள். "எலும்பு மஜ்ஜையில பிறக்கும்போது இதுக்கும் உட்கரு உண்டு. இப்படித்தான் இருக்கும்." நூலை அறுத்துப் பந்தைப் பிடுங்கினாள். "வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி தானே இதை வெளிய தள்ளிடும். ஏன்? ஆக்ஸிஜன் ஏத்த இடம் வேணும். மைட்டோகாண்ட்ரியாவையும் விட்டுடும். சுமக்கற சரக்குல ஒரு வாய்கூடத் தனக்குன்னு எடுத்துக்காது. சாகிறவரைக்கும் தூக்கிட்டே ஓடும். மூளை உட்கார்ந்து யோசிக்குதே, அதுவும் இது கொண்டுவந்து கொடுக்கற மூச்சுலதான்."

இத்தனை வருடமாக இதைப் பாடமாகச் சொல்லிக்கொண்டு, வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"மாடல் யார் செஞ்சது?" என்றார் தலைமையாசிரியர்.

"என் வீட்டுக்காரர் சார். சாமான் தூக்கற வேலை. அதோ, வாசல்ல நிக்கறார்."

"அவரை ஏம்மா வெளிய நிக்க வெச்சீங்க?" என்று எழுந்துபோய்க் கிரேனின் கையைக் குலுக்கினார். "ரெண்டு பேருமா ஆபீஸுக்கு வாங்க. ஆர்டர் இன்னைக்கே வாங்கிட்டுப் போகலாம்."

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தட்டின் முன் உட்கார்ந்ததும், "கழுத்துக்கு மேல..." என்று ஆரம்பித்தார். சிரிக்கக் கிரேன் வாயைத் திறந்தான். அதற்குள் டீச்சர் ஊதாப் பந்தைக் கொண்டுவந்து அண்ணனின் தட்டருகே வைத்தாள்.

"இது அவர் கழட்டி வெச்சது அண்ணா. உனக்குத் தேவைப்படுமேன்னு எடுத்துட்டு வந்தேன்."